ரங்கநாதன் தெருவில் பைட் எடுக்க என்ன வாங்கலாம்?

தெருவில் போகிறவரை நிறுத்தி நாலு கேள்வி கேட்டு, அவர் சொல்லும் பதிலை (பைட் என்பது இதைத்தான்) எடுத்து வீடியோ போட வேண்டும், கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, எந்தக் கேமரா வாங்கலாம்? புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். கேமரா வாங்க வேண்டாம் என்பது என் பதில். சட்டைப்பையில் இருக்கும் போனே போதும். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த நடுத்தர விலைப் போன் எதுவானாலும், பகல் வெளிச்சத்தில் அது எடுக்கும் 1080பி படம் யூடியூபுக்கும் ரீல்ஸுக்கும் தாராளம். படம் கொஞ்சம் சுமாராக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். பேசுவது காதில் விழாவிட்டால் அந்த நொடியே தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஆகவே பணம் முதலில் மைக்குக்கு. மிச்சம் இருந்தால் மற்றதற்கு.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். சுற்றியிருக்கும் இரைச்சலோ எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் அனுமதிக்கும் அளவு 65 டெசிபல். ஆட்டோ ஹாரனும், கடை வாசலில் மைக் வைத்துக் கூப்பிடுகிறவர்களும் சேர்ந்த தி. நகர் மாலை நேரம் அதற்குள் அடங்குமா என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். இரைச்சலை 75 என்று வைத்துக்கொள்வோம். சற்று உரக்கப் பேசுகிறவரின் குரல் ஒரு மீட்டர் தள்ளி 65 இருக்கும். போனின் சொந்த மைக் ஒரு மீட்டரில் இருந்தால் குரல் இரைச்சலுக்கு 10 டெசிபல் கீழே கிடக்கிறது. அதே குரலை வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் மைக் வைத்துப் பிடித்தால் 16 டெசிபல் கூடி 81 ஆகிறது. இப்போது குரல் இரைச்சலுக்கு மேலே நிற்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க் கேமராவின் மேலே உட்கார்ந்திருக்கும் மைக்கால் இதைச் செய்ய முடியாது. ஐந்நூறு ரூபாய் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முடியும்.

அடுத்த கேள்வி, எந்த மைக்.

ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வழியிலிருந்து தொடங்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றை எடுங்கள். ஃப்ளைட் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, சார்ஜ் போடும் துளை இருக்கும் பக்கம் மேலே வரும்படி தலைகீழாகப் பிடித்து, ஹேண்ட் மைக் போல நீட்டுங்கள். பேசும் மைக் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. விரல் அதை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு முறை கைதட்டுங்கள். எடிட்டில் கைகள் சேரும் ஃப்ரேமையும் ஒலி அலையில் குத்தாக எழும் புள்ளியையும் ஒன்றாக வைத்தால் ஒலியும் படமும் பொருந்திவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகத் தட்டிவிடுவது நல்லது. நீளமான ஒரே பதிவில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகும். தொடங்கிப் பார்க்க, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள, இது போதும்.

அடுத்தது ஒயர் உள்ள காலர் மைக். போயா பிஒய்-எம்1 ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. 6 மீட்டர் ஒயர், உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரி, பக்கத்தில் ஒரு சுவிட்ச். இந்தச் சுவிட்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். போனில் செருகும்போது சுவிட்ச் ஸ்மார்ட்போன் பக்கம் இருக்க வேண்டும். அப்போது மின்சாரம் போனிலிருந்து வரும். கேமராவில் செருகினால் கேமரா பக்கம். அப்போது பேட்டரி வேலை செய்யும். வேலை முடிந்து கேமரா பக்கமே விட்டு வைத்தால் பேட்டரி பையிலேயே தீர்ந்துபோகும். அடுத்த நாள் களத்தில் இறங்கும்போது ஒலி மெலிந்து கரகரக்கும், அல்லது வரவே வராது. உட்கார்ந்து எடுக்கும் பேட்டிக்கு இந்த மைக்கைவிட மலிவான நல்ல வழி கிடையாது. நடமாட்டமுள்ள தெருவுக்கு ஒயர் தொல்லை. ஒரு ஆள் காலை வைத்தால் போனே கீழே விழும்.

ஒயரில்லா மைக்கில் மூன்று அடுக்கு இருக்கிறது. கே8, கே9 என்ற பெயர்களில் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் பிளாட்ஃபாரத்திலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை முதல் அடுக்கு. அமைதியான அறையில் பேசும். தெருவில் இவற்றின் இரண்டு குறைகள் வெளியே வரும். ஒன்று, அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. பேசுகிறவர் உரக்கச் சிரித்தால் ஒலி வெடித்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. இரண்டு, நிறுத்த முடியாத இரைச்சல் நீக்கி பலவற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். அது இரைச்சலோடு சேர்த்து ‘ச’, ‘ஸ’ ஒலிகளையும் சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய எழுத்துகளையும் விழுங்கும். ஒரே பெட்டியில் வரும் இரண்டு மைக்குகளே வேறு வேறு அளவில் ஒலிக்கும் சரக்கும் உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடையிலேயே உங்கள் போனில் செருகி, தெருவுக்கு வந்து ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் அடுக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை. போயா மினி போன்றவை இங்கே வரும். மூன்றாம் அடுக்கு அதற்கும் மேலே: 2024-இல் வந்த ஹாலிலேண்ட் லார்க் எம்2, அதே ஆண்டு நவம்பரில் வந்த டிஜேஐ மைக் மினி ஆகியவை. மைக் மினியின் டிரான்ஸ்மிட்டர், அதாவது சட்டையில் மாட்டும் துண்டு, வெறும் 10 கிராம். சட்டையில் தொங்குவதே தெரியாது. இன்னும் மேலே போனால் டிஜேஐ மைக் 2, ரோட் வயர்லெஸ் கோ 2 போன்றவை டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே ஒரு பிரதி பதிவுசெய்து வைத்துக்கொள்ளும். இந்த வசதி மைக் மினியிலும் லார்க் எம்2-விலும் இல்லை. என் கணக்கில், அலைவரிசை எட்டும் தூரத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். உள்பதிவுக்குக் கொடுப்பது வீணல்ல. பெட்டியில் 400 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது திறந்தவெளியில் குறுக்கே எதுவும் இல்லாதபோது. நமக்கு வேண்டியது இரண்டு மீட்டர்தான். சிக்கலே வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசை. மனித உடம்பு இந்த அலையை நன்றாக உறிஞ்சும். கூட்டத்தில் டிரான்ஸ்மிட்டருக்கும், போனில் செருகும் ரிசீவருக்கும் நடுவே ஒருவர் வந்து நின்றாலோ, மைக் மாட்டியவர் திரும்பி நின்றாலோ, ஒலி துண்டு துண்டாக அறுபடும். நேரெதிரே பார்க்கும்படி வைத்திருந்தால் தெரு நெரிசலிலும் தாங்கும்.

இனி முக்கியமான தேர்வு: சட்டையில் மாட்டுவதா, கையில் பிடித்து நீட்டுவதா? தெருவுக்கு ஹேண்ட் மைக்தான். காலர் மைக்கை மாட்ட அரை நிமிடமாவது பிடிக்கும். அதற்குள் நின்றவருக்குப் பேசும் ஆர்வம் போய்விடும். முந்தானையிலும் துப்பட்டாவிலும் மாட்டினால் துணி உரசும் சத்தம் பேச்சைவிடப் பெரிதாகக் கேட்கும். முன்பின் தெரியாதவரின் உடையில் நாம் கைவைப்பதும் சரியில்லை. மாட்டியே ஆக வேண்டுமென்றால் மைக்கை அவர் கையில் கொடுத்து, “இங்கே மாட்டிக்கோங்கம்மா” என்று இடத்தைக் காட்டினால் போதும்.

கையில் நீட்டுவதற்குத் தனி மைக் வாங்க வேண்டியதில்லை. ஒயரில்லா டிரான்ஸ்மிட்டரைச் செருகி ஹேண்ட் மைக்காக மாற்றும் பிளாஸ்டிக் கைப்பிடிகள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. ரோட் நிறுவனம் தன் வயர்லெஸ் கோ வரிசைக்கு இன்டர்வியூ கோ என்ற பெயரில் இதையே விற்கிறது. டிரான்ஸ்மிட்டரின் மைக் துளை மேல்நோக்கி இருக்கும்படி செருகி, மேலே ஃபோம் தொப்பி போட வேண்டும். இந்த மைக்குகள் எல்லாப் பக்கமும் கேட்பவை என்பதால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே கொஞ்சம் கோணம் பிசகினாலும் குரல் விழும். பேசுகிறவரின் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்குள், சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். வாய்க்கு நேராகப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சு மோதும். மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினால் ஆள் பின்வாங்குவார். நீங்கள் கேள்வி கேட்கும்போது மைக் உங்கள் பக்கம், பதிலுக்கு அவர் பக்கம். பாதிக் கேள்வியிலேயே கையைத் திருப்புவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. வளையல், மோதிரம், கைக்கடிகாரப் பட்டை கைப்பிடியில் தட்டினால் அதுவும் பதிவாகும். மைக்கை மட்டும் எதிரிலிருப்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். பேசி முடித்தாலும் கொடுக்க மாட்டார்கள், அல்லது பேசப் பேச இடுப்புவரை இறக்கிவிடுவார்கள்.

கல்யாண மண்டபத்திலும் கோயில் விழாவிலும் பார்க்கும் அகுஜா வகை டைனமிக் மைக் வீட்டில் இருக்கிறது, அதைப் போனில் செருகலாமா என்று சிலர் கேட்பார்கள். ஷூர் எஸ்எம்58 உட்பட டைனமிக் மைக் எல்லாமே மிக மெல்லிய மின்னோட்டத்தைத் தருபவை. 50 டெசிபலுக்கு மேல் பெருக்கினால்தான் பேச்சு வரும். போனின் மைக் துளைக்கு அந்தச் சக்தி கிடையாது. நேரடிக் கேபிள் போட்டால் குரலைவிட ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் முன்னே நிற்கும். நடுவே ஒரு பெருக்கி வேண்டும். அந்தச் செலவுக்கு ஒயரில்லா மைக்கே வந்துவிடும்.

செருகும் முனை

பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. 3.5 மில்லிமீட்டர் முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. இரண்டு வளைய முனையைப் போனில் செருகினால் போன் அதை இயர்போன் என்று நினைத்துக்கொண்டு, ஒலியைத் தன் சொந்த மைக்கிலிருந்தே எடுக்கும். திரையில் எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரியும். வீட்டுக்கு வந்து கேட்டால் முழுக்கத் தெரு இரைச்சல். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் நூறு, இருநூறு ரூபாய்தான்.

இப்போது வரும் பல போன்களில் அந்தத் துளையே இல்லை. யூஎஸ்பி-சி மட்டும்தான். ஐபோனில் 15-ஆவது வரிசையிலிருந்து யூஎஸ்பி-சி, அதற்கு முன்னால் லைட்னிங். மைக் வாங்கும்போது ரிசீவர் எந்த முனையில் வருகிறது என்று பார்த்து வாங்குங்கள். போனுக்குத் தடித்த உறை போட்டிருந்தால் ரிசீவர் முழுதாக உள்ளே போகாது. பாதி செருகிய ரிசீவர் விளக்கு எரியும், ஒலி வராது. உறையைக் கழற்றிவிட்டு வேலை செய்வதே மேல்.

சில ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனி கேமரா ஆப் வெளி மைக்கைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்கு இலவச ஓபன் கேமரா ஆப்பைப் போட்டு, வீடியோ அமைப்பில் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்ற இடத்தில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பும் இருக்கிறது. 2023-இல் ஐபோனுக்கும் 2024-இல் குறிப்பிட்ட சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் வந்தது. ஒலி அளவு திரையிலேயே தெரிவதால் உங்கள் போனில் அது ஓடுமென்றால் அதையே பயன்படுத்துங்கள். எந்த ஆப் ஆனாலும் சோதனை ஒன்றுதான்: பதிவை ஓடவிட்டு மைக்கை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது எந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்கிறதோ அந்த மைக்தான் வேலை செய்கிறது. பத்து நொடி வேலை. ஒவ்வொரு முறை ரிசீவரைக் கழற்றி மாட்டும்போதும் செய்ய வேண்டும்.

ஒலி அளவு திரையில் தெரிந்தால், சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபல் அருகே துள்ள வேண்டும். சிரிப்பும் கத்தலும் மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. பூஜ்யத்தைத் தொட்டால் உடைந்த ஒலிதான். டிஜேஐ மைக் போன்றவற்றில் இரண்டாவது தடத்தை 6 டெசிபல் குறைத்துப் பதிவுசெய்யும் பாதுகாப்பு வசதி இருக்கிறது. தெரு வேலைக்கு அதை எப்போதும் போட்டு வையுங்கள். யார் எப்போது உரக்கச் சிரிப்பார் என்று யாருக்குத் தெரியும்? இரைச்சல் நீக்கியை அணைத்தே வைக்கலாம். இல்லையென்றால் குறைந்த அளவு போதும். நீக்க வேண்டியதை வீட்டில் நீக்கலாம். மைக் விழுங்கிய எழுத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

காற்று

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் ஃபோம் தொப்பி மட்டும் போதாது. கோடையில் நடுப்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கினால் மைக்கில் ‘புடுபுடு’ என்று அடிக்கும். அது வந்தபின் எடிட்டில் முழுதாகப் போகாது. முடி வைத்த உறை வேண்டும். டெட் கேட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். நல்ல ஒயரில்லா மைக்குகளின் பெட்டியிலேயே வரும். அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறவர்கள் நிறைய.

நிற்கும் திசையிலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. மாலையில் காற்று கிழக்கேயிருந்து, வெயில் மேற்கேயிருந்து. பேசுகிறவர் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் அவர் உடம்பே மைக்குக்குக் காற்றை மறைக்கும், ஆனால் வெயில் கண்ணில் அடித்து முகத்தைச் சுளிப்பார். கடலைப் பார்த்து நின்றால் முகம் இருட்டு, மைக்கில் காற்று. ஆகவே வெயில் தணியும்வரை வடக்கேயோ தெற்கேயோ பார்த்து நிற்க வைத்து, காற்று வரும் பக்கம் நீங்கள் நில்லுங்கள். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிய பிறகு கடலுக்கு முதுகு காட்டலாம். பின்னணியில் கடல், மறைந்த காற்று, மென்மையான வெளிச்சம், மூன்றும் சேர்ந்து கிடைக்கும் நேரம் அரை மணிதான். அதற்குள் எடுக்க வேண்டிய முக்கியமான பைட்டுகளை எடுத்துவிடுங்கள்.

போனில் மாற்ற வேண்டியவை

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு நூறு முறை மினுக்கும். போன் தானாக 1/60 ஷட்டரில் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம், நொடிக் கணக்கில்) ஓடினால் கடை வெளிச்சத்தில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஊரும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டினால் போய்விடும். நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்தால் இன்னும் பாதுகாப்பு. ஐபோனில் கேமரா அமைப்பில் ‘பால்’ (PAL) வடிவங்களைக் காட்டச் சொன்னால்தான் 25 தெரியும். பகல் வெயிலில் ஷட்டர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கவலையில்லை. நின்று பேசுகிற மனிதருக்கு அதனால் எந்தக் குறையும் வராது. அதற்காக வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கண்ணாடி வாங்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். பூட்டாமல் விட்டால், பின்னால் வெள்ளை வேட்டி ஒன்று கடந்து போனாலும் போன் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நம் முகங்களின் நிறத்துக்கு இது பெரிய அநியாயம். வானம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, முகம் தெளிவாக இருக்க வேண்டும். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் பதிவுசெய்யும் ஹெச்டிஆர் வீடியோவை அணையுங்கள். இல்லையென்றால் எடிட்டில் நிறம் வெளிறும், இரண்டு போன் காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

4கே வேண்டுமா? படுக்கைவாட்டில் எடுத்து அதிலிருந்தே ரீல்ஸுக்கு நெடுக்காக வெட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டும். 3840-க்கு 2160 உள்ள 4கே படத்திலிருந்து 1215 புள்ளி அகலம் நெடுக்காகக் கிடைக்கும், தேவையான 1080-ஐவிட அதிகம். 1080பி-யில் வெட்டினால் 608-தான் மிஞ்சும், மங்கும். இடம்தான் விலை. ஐபோன் கணக்கில் 30 ஃப்ரேமில் 1080பி நிமிடத்துக்கு 60 எம்பி, 4கே 170 எம்பி. ஒரு மணி நேரம் 4கே எடுத்தால் 10 ஜிபிக்கு மேல் போகும். கிளம்புமுன் இடத்தைப் பாருங்கள். மெமரி கார்டு போடும் போன் என்றால் வீடியோ எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 குறியுள்ள கார்டு வாங்குங்கள். வாங்கியதும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 ஜிபி என்று அச்சடித்த போலிக் கார்டில் உண்மையில் அதில் கால்வாசி இடம்கூட இருக்காது. நிரம்பியபின் எழுதியதெல்லாம் மண்ணாகும்.

அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும் போன்கள் உண்டு. ஃப்ளைட் மோடில் போடுங்கள். செருகிய ரிசீவர் அதனால் பாதிக்கப்படாது. போன்கள் ஃப்ரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவுசெய்வதால், சில எடிட்டிங் மென்பொருள்களில் போகப் போக உதடும் ஒலியும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டு எடிட் செய்தால் விலகாது.

கத்திரி வெயிலில் இன்னொரு தொல்லை. ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி. மே மாதச் சென்னை அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். முதலில் திரை மங்கும், பிறகு ஆப் நிற்கும். உறையைக் கழற்றுங்கள், எடுத்துக்கொண்டே சார்ஜ் போடாதீர்கள், ஆள் மாறும் இடைவெளியில் போனை நிழலில் வையுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பத்து நிமிடம் வெளியே வைத்திருந்தால் தானே விலகும். பவர் பேங்க் 10,000 எம்ஏஹெச் போதும். அதில் உண்மையில் கைக்கு வருவது 6,000 சொச்சம்.

பிடிப்பதும் வெளிச்சமும்

கிம்பல், அதாவது மோட்டார் வைத்து நடுக்கத்தைத் தடுக்கும் கைப்பிடி, வேண்டாம். நின்ற இடத்தில் நின்று பேசுகிறவரை எடுக்க அது தேவையே இல்லை. போனின் சொந்த நடுக்கத்தடுப்பே போதும். ஒற்றைக்கால் மோனோபாட் ஒன்று, அதில் கால் அங்குல மரை, மேலே போன் கிளாம்ப், கிளாம்பில் விளக்கோ ரிசீவரோ மாட்ட கோல்டு ஷூ என்ற சின்னப் பொருத்தி ஒன்று. ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மூன்று கால் டிரைபாட் நெரிசலில் யாராவது ஒருவர் காலைத் தடுக்கும். தவிர, டிரைபாடையும் லைட் ஸ்டாண்டையும் விரித்தால் அது படப்பிடிப்பாகத் தெரியும், அனுமதி எங்கே என்று கேட்பார்கள். ரயில் நிலையம், மெட்ரோ, விமான நிலையம், மால் எல்லாம் அனுமதி வாங்கிய பிறகே.

லென்ஸ் பொதுக் கண்ணாடிதான், அதாவது 1எக்ஸ். ஒருவர் மட்டும் என்றால் 2எக்ஸ். அகலக் கண்ணாடியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி முகம் இழுபடும். கேமரா பேசுகிறவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். பூக்காரம்மா உட்கார்ந்திருந்தால் நீங்களும் கேமராவும் உட்காருங்கள்.

சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். பந்தல், பேருந்து நிறுத்தக் கூரை, மர நிழல் எதுவானாலும் அதன் விளிம்பில், வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இரவுக்கு உள்ளங்கை அளவு எல்இடி ஒன்று, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து, ஒரு மீட்டருக்குள் வைத்தால் முகம் தெளியும். அதற்கு மேல் இதில் செலவழிக்க ஒன்றுமில்லை.

ஆக, பத்தாயிரத்தை எப்படிப் பிரிக்கலாம்? ஒயரில்லா மைக் செட் நாலாயிரம், கைப்பிடி ஐந்நூறு, டெட் கேட் தனியாக வாங்க நேர்ந்தால் முந்நூறு, மோனோபாடும் கிளாம்பும் ஆயிரம், சின்ன எல்இடி ஆயிரத்தைந்நூறு, பவர் பேங்க் ஆயிரத்துச் சொச்சம். மிச்சத்தில் ஒயர் உள்ள காலர் மைக் ஒன்றை மாற்றுக்கு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். ஒயரில்லாத எதுவும் என்றாவது ஒரு நாள் கைவிடும். விலைகள் பண்டிகைத் தள்ளுபடிக்கு ஏற்ப ஆடும், பிரிக்கும் விகிதம் ஆடாது. ஐம்பதாயிரம் வரை போக முடிந்தவர்களுக்கு, 2023-இல் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற கருவி. ஒரு அங்குல சென்சார், 179 கிராம் எடை, தன்னுடைய கிம்பல், டிஜேஐ மைக் 2-ஐ ரிசீவர் இல்லாமலே சேர்க்கலாம். போனில் பழகிக் கை தேர்ந்த பிறகு வாங்கினால் அதன் அருமை தெரியும்.

சம்மதத்தையும் பதிவுசெய்யுங்கள்

பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த பேட்டி ஒன்று தொடர்பாக, ஒரு பெண் கொடுத்த புகாரில், யூடியூப் சானல் ஒன்றைச் சேர்ந்த மூன்று பேர் 2021 ஜனவரியில் சென்னையில் கைதானார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. வழியில் நின்று நமக்காக இரண்டு நிமிடம் பேசுகிறவர், அந்த இரண்டு நிமிடம் எத்தனை பேரைச் சென்று சேரும் என்று அறியாமல் பேசுகிறார். அவருக்கு அதைச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

கேள்விக்கு முன்னால் கேமரா ஓடும்போதே, எந்தச் சானல், என்ன தலைப்பு, எங்கே போடப் போகிறோம் என்று சொல்லி, “போடலாமா?” என்று கேளுங்கள். பேசி முடித்த பிறகும் ஒரு முறை கேளுங்கள். பேசும்போது துணிச்சலாகச் சொன்னதை முடித்ததும் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அந்த இரண்டாவது பதில்தான் கணக்கு. வேண்டாம் என்றால் அவர் கண்முன்னேயே அழித்துவிடுங்கள். நீக்கியவற்றைச் சேர்த்து வைக்கும் கோப்புறையிலிருந்தும் அழிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பக்கத்தில் இருந்து சம்மதித்தால் மட்டுமே. சிரிப்பதற்காக ஒருவரின் பதிலை வெட்டி, கேட்காத கேள்விக்குப் பதிலாக ஒட்டுவது இந்த வேலையில் மன்னிக்க முடியாத காரியம். சம்மதத் துண்டை எடிட்டில் வெட்டினாலும் மூலக்கோப்பிலிருந்து பிரிக்காதீர்கள்.

வீடு திரும்பியதும் முதல் வேலை கோப்புகளைக் கேபிள் வழியாகக் கணினிக்கும் இன்னொரு டிஸ்க்குக்கும் நகலெடுப்பது. எடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தையும் ஒலியையும் சுருக்கி நாசமாக்கும். வேறு வழியே இல்லையென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இரண்டு நகலையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும். பிறகு மைக், ரிசீவர், பவர் பேங்க் மூன்றையும் சார்ஜில் போட்டுவிட்டு, ஃபோம் தொப்பியை வெறும் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். நாளைக்கு அது இன்னொருவர் வாய்க்கு அருகே போகப் போகிறது.